மான்டே கார்லோ காசினோவைப் பார்க்கச் செல்வோருக்கு

மொனாக்கோவில் உள்ள மான்டே கார்லோ காசினோ என்னும் சூதாட்டக் கூடத்துக்குச் செல்ல விரும்புவோர், கட்டடத்தைப் பார்க்கப் போகிறோமா, சூதாடப் போகிறோமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். முற்பகல் பார்வையாளர்களுக்கு உரிய நேரம். ஆட்டம் பிற்பகலில்தான் தொடங்கும். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், முந்தைய நாளே அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. முதன்முறை செல்வோருக்கு முற்பகலையே பரிந்துரைப்பேன். நிதானமாக அண்ணாந்து பார்க்கவும் படம் எடுக்கவும் அப்போதுதான் முடியும்.

பிரான்சின் நீஸ் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் மொனாக்கோ போய்விடலாம். அது தனி நாடு என்றாலும் வழியில் எல்லைச் சோதனை கிடையாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும். ஆடும் கூடங்களில் 18 வயது நிரம்பியவர்களுக்கே அனுமதி என்பதால் அசல் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். மொனாக்கோ குடிமக்கள் மட்டும் இங்கே ஆடக் கூடாது என்பது நெடுங்கால விதி.

உள்ளே நுழையுமுன் இதன் பின்னணியைத் தெரிந்துகொண்டால் பார்ப்பதற்குப் பொருள் கூடும். 1861இல் மான்டோன், ரோக்ப்ரூன் ஆகிய ஊர்களைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்ததால் வருவாய் இழந்து தவித்த இளவரசர் மூன்றாம் சார்லஸ், ஜெர்மனியில் சூதாட்டக் கூடம் நடத்திப் பெயர்பெற்ற பிரான்சுவா பிளாங்கிடம் இந்தக் காசினோவை நடத்தும் உரிமையை 1863இல் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1869இல், வருமான வரியை நீக்கும் அளவுக்கு அரசின் நிலை மாறியது. முகப்புக் கூடத்தின் 28 ஓனிக்ஸ் கல் தூண்களுக்கு நடுவே நின்று பார்க்கும்போது, அந்தப் பணம் எங்கே போனது என்பது கண்ணெதிரே தெரியும். பாரிஸ் ஆபெரா என்னும் இசைநாடக அரங்கைக் கட்டிய சார்ல் கார்னியே வடிவமைத்து, 1879இல் திறக்கப்பட்ட அரங்கமும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறது. இசைநாடகம் நடக்கும் நாளில் டிக்கெட் வாங்கினால் அதன் உள்ளழகை அமர்ந்து ரசிக்கலாம்.

ஆடுவதென்றால் ரூலெட்டின் கணக்கை அறியாமல் மேசை அருகே போகாதீர்கள். சுழலும் சக்கரத்தில் உருளும் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பணம் வைத்து ஆடுவதுதான் ரூலெட். சக்கரத்தில் பூச்சியத்தோடு சேர்த்து 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணில் 10 யூரோ வைத்து வென்றால், வைத்த பணம் போக 350 யூரோ கிடைக்கும். நியாயமாகக் கிடைக்க வேண்டியது 360. இந்த இடைவெளியால் வைக்கும் பணத்தில் சராசரியாக 2.7 விழுக்காடு காசினோவிடமே தங்கிவிடுகிறது. பிரெஞ்சு முறை மேசையில் சிவப்பு, கறுப்பு போன்றவற்றில் பணம் வைத்திருக்கும்போது பூச்சியம் விழுந்தால் பாதியைத் திரும்பப் பெறலாம் என்பதால், அங்கே இழப்பு 1.35 விழுக்காடாகக் குறைகிறது. எத்தனை முறை கறுப்பு வந்தாலும் அடுத்த சுற்றில் சிவப்புக்கான வாய்ப்பு கூடுவதில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று இங்கே தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தபோது, இனிச் சிவப்புதான் என்று நம்பித் தொகையைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள். இழந்தாலும் பாதிக்காத தொகையை மட்டும் எடுத்துச் சென்று, வங்கி அட்டையை விடுதி அறையிலேயே வைத்துவிடுங்கள்.

பிற்பகலுக்குப் பின் அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்பும் ஆகாது. மாலையில் ஆண்கள் கோட் அணிவது பொருத்தம். ஃபார்முலா 1 கார் பந்தயப் பாதை காசினோ சதுக்கம் வழியாகவே செல்வதால், பந்தயம் நடக்கும் வாரம் தெருக்கள் அடைபட்டு, அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும். பந்தயத் தேதியைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.