டபுள் எக்ஸ்போஷர் போட்டோ எடிட்டிங்: முதல் தடவையா செய்றவங்களுக்கு

ஒரு ஆளோட முகத்துக்குள்ள காடு தெரியும், தலைமுடி இருக்க வேண்டிய இடத்துல கிளை கிளையா மரம் விரிஞ்சிருக்கும், இந்த மாதிரி படங்கள நிறைய பாத்திருப்பீங்க. இதுக்கு ரெண்டு படம், ஒரு பிளெண்ட் மோட் (மேல இருக்கற படம் கீழ இருக்கறதோட எப்படி கலக்கணும்னு சொல்ற செட்டிங்), ஒரு மாஸ்க் (மேல இருக்கற படத்துல எது தெரியணும், எது மறையணும்னு சொல்றது) இருந்தா போதும், ஆனா எந்த ரெண்டு படத்த எடுக்கறீங்கங்கறதுலதான் முக்கால்வாசி வேலை இருக்கு, அதனால அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

டபுள் எக்ஸ்போஷர்னா, பிலிம் கேமரால ஒரே பிரேம்ல ரெண்டு தடவை எக்ஸ்போஸ் பண்ணுவாங்க, அதாவது ஒரே இடத்துல ரெண்டு படம் எடுப்பாங்க. முதல் படத்துல இருட்டா இருந்த இடத்துல பிலிம் இன்னும் காலியா இருக்கும், அங்கதான் ரெண்டாவது படம் பதியும், ஏற்கெனவே வெள்ளையான இடத்துல எதுவும் தெரியாது. சாப்ட்வேர்ல ஸ்கிரீன்னு ஒரு பிளெண்ட் மோட் இருக்கு, அது செய்றதும் இதேதான். இத மனசுல வச்சுக்கிட்டா மத்த எல்லாம் தானா புரியும்.

ஆளோட படம் பக்கவாட்டு முகமா இருந்தா ரொம்ப நல்லது, நெத்தி, மூக்கு, தாடையோட ஓரம் தெளிவா தெரியணும், பின்னாடி வெள்ளைச் சுவரோ வெளுத்த வானமோ இருக்கணும், ஆள் கொஞ்சம் இருட்டா இருக்கணும். ரெண்டாவது படத்துக்கு வானத்த பாத்து எடுத்த மரம் மாதிரி, வெளிச்சமும் இருட்டும் நல்லா பிரிஞ்சிருக்கற படமா பாருங்க. பூராவும் ஒரே மாதிரி சாம்பலா இருக்கற படம் வேண்டாம், மேல போட்டா பனி மூட்டம் மாதிரி ஆயிடும்.

போட்டோஷாப் இருந்தா அதுலயே செய்யலாம். இல்லன்னா பிரௌசர்லயே ஓடற போட்டோபியா இருக்கு, இலவசம்தான், கீழ சொல்ற ஷார்ட்கட் அதுலயும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். கிம்ப்லயும் இதே வழிதான், மெனு மட்டும் வேற இடத்துல இருக்கும்.

முதல்ல ஆளோட படத்த திறங்க. பேக்ரவுண்ட் வெள்ளையா இல்லன்னா குயிக் செலெக்ஷன் டூல வச்சு ஆள செலெக்ட் பண்ணி, கன்ட்ரோல் ஷிப்ட் ஐ அழுத்தி செலெக்ஷன திருப்பிப் போட்டு, எடிட் மெனுல பில் போயி வெள்ளைய நிரப்புங்க, அப்புறம் கன்ட்ரோல் D அழுத்தி செலெக்ஷன எடுத்துடுங்க. முடி ஓரத்துல கொஞ்சம் பிசிறு இருந்தா கவலையே வேண்டாம், மேல கிளைகள் வந்து மூடிடும்.

அடுத்து கன்ட்ரோல் எல், லெவல்ஸ் திறக்கும். இடது ஓரத்துல இருக்கற கருப்பு முக்கோணத்த மெதுவா வலது பக்கம் இழுங்க, முடியும் சட்டையும் நல்லா கருக்கற வரைக்கும். ஸ்கிரீன் மோட் எதையுமே வெளுக்கத்தான் வைக்கும், கருக்க வைக்காது, அதனால இருட்ட இப்பவே குடுத்துடணும்.

இப்ப மரத்தோட படத்த இழுத்து மேல போடுங்க, லேயர்ஸ் பேனல்ல (படங்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கா தெரியற பட்டியல்) நார்மல்னு இருக்கறத ஸ்கிரீன்னு மாத்துங்க. உடனே படம் உயிர் வந்த மாதிரி ஆகும்! என்ன நடக்குதுன்னு ஒரு கணக்கு பாருங்க: முடியோட வெளிச்ச அளவு 30 (0ன்னா முழுக் கருப்பு, 255ன்னா முழு வெள்ளை), அதுமேல வர்ற வானம் 240ன்னு வச்சுக்கோங்க, ஸ்கிரீன் கணக்குல ரெண்டும் சேந்து 242 ஆகும், அதாவது முடி வெள்ளைல கரைஞ்சு போயிடும். அதே முடிமேல 20 அளவு இருக்கற கிளை வந்தா 48தான், கருப்பாவே நிக்கும். தலை அப்படியே மரமா மாறிப் போற அந்த அழகு இங்கதான் வருது.

அப்புறம் கன்ட்ரோல் T அழுத்தி மரத்த சுத்துங்க, பெருசாக்குங்க, தலைகீழா கூட போட்டுப் பாருங்க. இதுல அவசரப்படாதீங்க, கிளை ஓடற திசையும் முகத்தோட கோடும் ஒண்ணா போற இடம் ஒண்ணு கண்டிப்பா கிடைக்கும், அது கிடைக்கற வரைக்கும் நகத்திக்கிட்டே இருங்க. எடம் சரியா வந்ததும் என்டர் தட்டிடுங்க.

இனி மாஸ்க். மரத்தோட லேயர செலெக்ட் பண்ணி, பேனல் கீழ இருக்கற மாஸ்க் பட்டன அழுத்துங்க, B அழுத்தி பிரஷ் எடுங்க, ஓரம் மெத்துனு இருக்கற பிரஷ், ஒபாசிட்டி (கலர் எவ்வளவு அழுத்தமா விழணும்ங்கறது) 30 சதவீதம் போதும், கலர் கருப்பு. கண்ணு, மூக்கு, வாய் மேல லேசா தடவுங்க, அங்க மரம் மறைஞ்சு முகம் வெளிய வரும். அதிகமா போயிட்டா எக்ஸ் அழுத்துனா கலர் வெள்ளையா மாறும், அதே இடத்துல தடவுனா மரம் திரும்ப வந்துடும், எரேசர் பக்கமே போகாதீங்க. கண்ணையாவது தெளிவா விடுங்கன்னுதான் நான் சொல்வேன், பாக்கறவங்க முதல்ல தேடறது அதத்தான்.

ரெண்டு படத்தோட கலரும் ஒட்டலன்னா எல்லாத்துக்கும் மேல ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டுடுங்க, ரெண்டும் ஒரே படமா சேந்துடும். கலர் வேணும்னா அதுக்கு பதிலா கிரேடியன்ட் மேப் போட்டு, இருட்டுக்கு கருநீலம், வெளிச்சத்துக்கு வெளிர் மஞ்சள்னு குடுத்துப் பாருங்க.

சேவ் பண்ணும்போது முதல்ல பிஎஸ்டி (போட்டோஷாப்போட சொந்த பைல் வகை), அப்புறம் ஜேபெக். பிஎஸ்டில லேயரும் மாஸ்க்கும் அப்படியே இருக்கும், நாளைக்கு மரத்த எடுத்துட்டு கடல் அலையோ நகரத்து கட்டடமோ வைக்கணும்னு தோணுனா அந்த ஒரு லேயர மட்டும் மாத்துனா போதும்.