டர்போ காரின் உண்மையான மைலேஜும் அதற்கேற்ற பெட்ரோலும்

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, அதன் 1.5 லிட்டர் ஜிடி வகைக்கு ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 18.67 கி.மீ.; 1 லிட்டர் ஆட்டோமேட்டிக் வகைக்கு 18.12 கி.மீ. 150 பிஎஸ் (குதிரைத்திறன்) கொண்ட 1.5 லிட்டர் எஞ்சின், 115 பிஎஸ் கொண்ட 1 லிட்டர் எஞ்சினைவிடச் சிக்கனமாகத் தெரிவதற்குக் கியர்பெட்டியின் வேறுபாட்டோடு சோதனை முறையும் ஒரு காரணம். ஆய்வுக்கூடத்து உருளைகளின் மேல், ஏசி போடாமல், சுமார் 20 நிமிடம், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் மென்மையாக ஓட்டப்படும் அந்தச் சோதனையில், சுமை குறையும் போதெல்லாம் 1.5 லிட்டர் எஞ்சின் தன் நான்கு சிலிண்டர்களில் இரண்டை நிறுத்திவைத்து ஓடுகிறது. அதே கார் சென்னை அண்ணா சாலையின் மாலை நெரிசலில் 10 கி.மீ. அளவுக்கு இறங்கினால் வண்டியில் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. சான்றளித்த எண், கார்களை ஒப்பிடுவதற்குக்கூட அரைகுறையாகவே உதவும்; செலவுக் கணக்குக்கான எண்ணை நீங்களே எடுத்தாக வேண்டும்.

அதற்கு நம்பகமான வழி, டேங்க் நிரப்பி அளப்பதுதான். பம்ப் தானாக நிற்கும் வரை பெட்ரோல் நிரப்பி, மேலும் ஊற்றச் சொல்லாமல், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓடிய பின், முடிந்தால் அதே பங்கில், அதே பம்பில், மறுபடியும் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். பம்ப் நிற்கும் இடத்தில் ஒரு லிட்டர் முன்பின் இருந்தால், 10 லிட்டர் நிரப்பியவரின் கணக்கில் அது 10 சதவீதப் பிழை. 30 லிட்டர் நிரப்பியவருக்கு 3 சதவீதம் மட்டுமே. எனவே மூன்று நான்கு டேங்குகளின் தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுப்பது நல்லது. டாஷ்போர்டு திரை காட்டும் மைலேஜ் பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே இருக்கும். அழகுக்காக டயர் அளவை மாற்றியவர்கள், ஓடோமீட்டர் காட்டும் தூரமும் மாறியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேகக் கார்களில் மைலேஜ் இவ்வளவு அலைவதற்கு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ கருவியே முதன்மைக் காரணம். ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது டர்போ எஞ்சின் ஒரு சிறிய எஞ்சினாக நடந்துகொள்கிறது; அழுத்தி மிதித்தாலோ, கூடுதல் காற்றைத் திணித்து அதற்கேற்ற பெட்ரோலையும் எரிப்பதோடு, மிக அதிகச் சுமையில் வெப்பத்தைத் தணிக்கவென்றே சிறிது பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பதும் உண்டு. நெடுஞ்சாலையில் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது: 100-இலிருந்து 120 கி.மீ.க்குப் போனால் தடை 44 சதவீதம் உயர்கிறது. நான்கு வழிச் சாலையில் காருக்கான உச்ச வரம்பே 100 என்பதால், 90 அளவில் நிலையாக ஓட்டுவது சட்டத்துக்கும் பணப்பைக்கும் ஏற்றது. சிக்கனம் என்று நினைத்து, நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஆறாவது கியரில் வைத்து முழுதாக மிதிப்பது மட்டும் கூடாது. குறைந்த சுற்றில் அதிகச் சுமை ஏற்றுவது பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் (நேரடி ஊசித்தெளிப்பு) டர்போ எஞ்சின்களுக்குக் கேடு. ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் சரிபாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். ஆக்டேன் எண் என்பது எரிபொருளில் உள்ள ஆற்றலின் அளவன்று. அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காமல், அதாவது நாக்கிங் வராமல், தாக்குப்பிடிக்கும் திறனின் அளவு. நாக்கிங்கை உணர்ந்தால் எஞ்சின் கணினி தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தும்; அப்போது இழுவையும் குறையும், மைலேஜும் குறையும். உயர் ஆக்டேன் பெட்ரோல் மீட்டுத் தருவது இந்த இழப்பை மட்டுமே. சித்திரை வெயிலில் நான்கு பேருடன் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது வித்தியாசம் தெரியலாம். அலுவலகத்துக்குப் போய்வருவதில் தெரிவது அரிது. பெட்ரோல் மூடிக்கு உட்புறமும் கையேட்டிலும் குறைந்தபட்ச ஆக்டேன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகக்கூடாது, அதற்கு மேலே போவது உங்கள் விருப்பம்.

விருப்பத்தை ரூபாயில் கணக்கிடுங்கள். சாதாரணப் பெட்ரோல் 100 ரூபாய், எக்ஸ்பி95 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் 108 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மைலேஜ் 8 சதவீதம் உயர்ந்தால்தான் செலவு சமமாகும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100-இன் தொடக்க விலை 160 ரூபாய். அதை மைலேஜுக்காகப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

எத்தனால் கலப்பு தனிக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றலும், எத்தனாலில் சுமார் 21 மெகாஜூலும் உள்ளன. எனவே 20 சதவீதம் கலந்த இ20-இல், கலப்பில்லாப் பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 சதவீதமும், 10 சதவீதம் கலந்த பழைய இ10-ஐவிட ஏறத்தாழ 3.5 சதவீதமும் ஆற்றல் குறைவு. எத்தனாலின் ஆக்டேன் உயர்வு என்பதால், அதற்கென அமைக்கப்பட்ட எஞ்சின்கள் இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும். பிரீமியம் என்ற பெயர் இருப்பதாலேயே எத்தனால் கலக்காதது என்று முடிவுகட்டாமல் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள், எந்த அளவு கலப்புக்குத் தங்கள் வண்டி ஏற்றது என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வையுங்கள்.