புற்றுநோய்க்கான மரபணுச் சோதனை: பாட்டிலிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

தருமபுரியில் நோயியல் ஆய்வகம் நடத்துகிறேன். அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்து மருத்துவமனைகளில் எடுக்கும் திசுக்கள் என் மேசைக்கு வருகின்றன. ஸ்லைடு பார்ப்பது இங்கே. எந்த மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று காட்டும் பயோமார்க்கர் சோதனைகள் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை, வேலூர் ஆகிய ஊர்களில் நடக்கும். புதிதாகப் படிப்பை முடித்து வரும் அறுவைச் சிகிச்சையாளர்கள் எங்கள் தலைமுறை செய்து தீர்த்த பிழைகளை அப்படியே மறுபடி செய்கிறார்கள். பெயரை மாற்றி ஒட்டுவது, படிவத்தில் வயதை விடுவது போன்றவை ஒருமுறை திட்டினால் திருந்திவிடும். திட்டினாலும் திருந்தாதவை கீழே.

திசுவை உப்புநீரில் போட்டு அனுப்புவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு சனிக்கிழமை மாலை மார்பகக் கட்டி ஒன்றை அகற்றினார்கள். திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் தீர்ந்துபோயிருந்ததாம். கட்டியை வெட்டிப் பிளக்காமல் முழுதாக ஒரு ஊறுகாய் பாட்டிலுக்குள் திணித்து, மேலே சலைனை ஊற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை அது பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்ததுமே வாடை. "சலைனும் சுத்தமானதுதானே சார்?" என்று கேட்டான் கொண்டுவந்த பையன். அவனைக் கோபித்து என்ன பயன்?

உடலிலிருந்து பிரிந்த நொடியிலிருந்து திசு தன்னைத்தானே கரைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. அதை நிறுத்துவது ஃபார்மலின்தான்; சலைனால் அது முடியாது. புற்றுநோயா இல்லையா என்பதை அழுகிய திசுவிலும் ஓரளவு சொல்லிவிடலாம். ஈஆர், பிஆர் என்னும் ஹார்மோன் ஏற்பிகளோ அதற்குள் சிதைந்துபோயிருக்கும். கட்டியை வேகமாக வளரவைக்கும் ஹெர்-2 மரபணுவின் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் சோதனையும் சரியாக அமையாது.

அந்தப் பெண்ணுக்கு வெளியூர் ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கை ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்றது. 'டிரிபிள் நெகட்டிவ்' என்றால் ஹார்மோன் மாத்திரையும் கிடையாது, ஹெர்-2ஐத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் கிடையாது. பெரும்பாலும் கீமோவை நம்பியே இருக்க வேண்டும். நான் அந்த ஸ்லைடுகளை வரவழைத்துப் பார்த்தேன். கட்டியை ஒட்டியிருந்த இயல்பான பால்குழாய்களில்கூடச் சாயம் ஏறவில்லை. அங்கே சில செல்களாவது நிறம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது. 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது. நல்லவேளையாக, அறுவைக்கு முன்பு வேறு இடத்தில் எடுத்த ஊசி பயாப்சியின் மெழுகு பிளாக் (திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி) பத்திரமாக இருந்தது. அதில் ஈஆர் பளிச்சென்று பாசிட்டிவ். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் டமாக்சிஃபென், குறைந்தது 5 ஆண்டுகள்: விலை மலிவான, உயிர்காக்கும் அந்த மாத்திரை ஒரு பாட்டில் சலைனால் கைநழுவிப் போயிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். வெட்டியெடுத்த 1 மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இருக்க வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஆகவே பெரிய கட்டியை, ஓரங்களுக்கு அடையாளமிட்ட பிறகு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனில் கீறி வைக்க வேண்டும். திசுவைப்போல் 10 மடங்கு திரவமும் அகன்ற வாயுள்ள டப்பாவும் தேவை. 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊற வேண்டும். வார இறுதியும் தொடர் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரும். எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் படிவத்தில் எழுதுங்கள்.

கடையில் வாங்கிய ஃபார்மலினை அப்படியே ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். திசு பெருந்தீயில் போட்ட வடைபோல வெளியே இறுகி உள்ளே மாவாக நிற்கும். வெறும் தண்ணீர் கலந்தாலும் போதாது. நாளடைவில் அமிலமாகி டிஎன்ஏவைச் சிதைக்கும். ஒரு லிட்டருக்கு 100 மில்லி ஃபார்மலின், 900 மில்லி வாலைவடிநீர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 6.5 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். இதைக் கலந்துவைக்க அப்படியென்ன சிரமம்?

நுரையீரல் துணுக்கைச் சாயங்களுக்கே செலவழிப்பது

ஊசியில் வருவது நூலிழை அளவு திசு. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு சாயச் சோதனைகளுக்குச் சீவித் தள்ளிவிட்டு, கடைசியில் ஈஜிஎஃப்ஆர் மரபணுவைப் பார்க்கத் திசு இல்லை என்று எழுதுகிறார்கள். புற்றின் வகையைப் பிரித்துக்காட்டும் டிடிஎஃப்-1, பி40 சாயங்கள் இரண்டோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளலாம். இந்தியாவில் அடினோகார்சினோமா என்னும் வகை நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருக்கிறது. புகைபிடிக்காதவர்களிடம் இன்னும் அதிகம். அவர்களுக்கு மாத்திரையிலேயே சிகிச்சை உண்டு. மிச்சமிருக்கும் திசு அந்த மாத்திரைக்கான சீட்டு.

எலும்புத் திசுவை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பது

எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்க இந்த அமிலத்தில் போட்டால் டிஎன்ஏ போய்விடும். அதே வேலையை மெல்லச் செய்யும் ஈடிடிஏ கரைசலைப் பயன்படுத்துங்கள், நாளாகும், பொறுங்கள்.

ஹெர்-2 'இரண்டு பிளஸ்' என்றதும் ஊசி போடுவது

சாயச் சோதனையில் இரண்டு பிளஸ் என்பது இரண்டும்கெட்டான் நிலை, முடிவல்ல. ஃபிஷ் பார்த்த பிறகு பேசலாம்.

பிஆர்சிஏ அறிக்கையை அவசரமாகப் படிப்பது

பிஆர்சிஏ என்பது மாற்றமடைந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு. அதன் அறிக்கையில் 'முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்' என்று ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடலாமா என்று கேட்டு வருகிறார்கள். எடுக்கக் கூடாது; அந்த வரியை நம்பி எந்த அறுவையும் வேண்டாம். இன்னொன்று, குடும்ப வரலாறு கேட்கும்போது தாய்வழியோடு நின்றுவிடுகிறார்கள். மாற்றமடைந்த பிஆர்சிஏ மரபணு தந்தையிடமிருந்தும் வரும். மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தைகளையும் அப்பாயியையும் பற்றிக் கேளுங்கள். சோதனையை முதலில் நோய் வந்தவருக்குச் செய்யுங்கள். நலமாக இருக்கும் தங்கைக்கு அதன் பிறகு.

சிஏ-125 கூடியதும் புற்றுநோய் என்பது

சினைப்பைப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடும் இந்தப் புரதம் வயிற்றுக் காசநோயிலும் கூடும். திசு எடுங்கள்.

ரத்தச் சோதனையில் இல்லையென்றால் கட்டியில் மரபணு மாற்றமே இல்லை என்பது

கட்டி தன் டிஎன்ஏவை ரத்தத்தில் போதுமான அளவு உதிர்க்காமலும் இருக்கலாம். நெகட்டிவ் வந்தால் திசுவில் பாருங்கள்.

பிளாக்கை மறந்துவிட்டுப் பெங்களூருக்குப் பஸ் ஏறுவது

அறிக்கைத் தாள் மட்டும் அங்கே போதாது. மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் கேட்பார்கள். ஆய்வகத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கின் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபாருங்கள். மே மாதத்தில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள், மெழுகு இளகும்.