கிளஸ்டர் கணுக்களுக்கிடையே இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க

கிளஸ்டர் கணுக்கள், அதாவது ஒரே அமைப்பாகச் சேர்ந்து இயங்கும் கணினிகள், தமக்குள் திறந்து வைத்திருக்கும் டிசிபி (தரவு தவறாமல் சேர்வதை உறுதிசெய்யும் நெறிமுறை) இணைப்புகளில் சில, மணிக்கணக்கில் தரவு ஏதும் செல்லாமல் இருக்கக்கூடும். இடையிலுள்ள ஃபயர்வால் அத்தகைய இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து இரு முனைகளுக்கும் அறிவிக்காமலேயே நீக்கிவிட்டால், அடுத்த கோரிக்கை பதிலின்றித் தொங்கி நிற்கும். தரவு செல்லாத இணைப்பு இன்னும் உயிருடன் உள்ளதா என்று பார்க்கும் கீப்அலைவ் சோதனை, லினக்ஸில் இயல்பாக 7200 வினாடிகளுக்குப் பிறகே தொடங்குகிறது. பல ஃபயர்வால்களின் காத்திருப்பு வரம்போ இதைவிட மிகக் குறைவு. எனவே அந்த வரம்பைக் கேட்டறிந்து, அதில் பாதிக்கும் குறைவாக, பெரும்பாலும் 300 வினாடிகளுக்குள், கீப்அலைவ் தொடங்கும் நேரத்தை அமைப்பது நல்லது. செயலி தன் சாக்கெட்டில் (இணைப்பின் தன் பக்க முனையில்) கீப்அலைவைக் கோரியிருந்தால் மட்டுமே இம்மாற்றம் பயன் தரும் என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது மறுஅனுப்பல் வரம்பை, அதாவது பெற்றதாகப் பதில் (ஒப்புகை) வராத தரவை எத்தனை முறை திரும்ப அனுப்பிப் பார்ப்பது என்பதை. லினக்ஸில் இதன் இயல்பு மதிப்பு 15 என்பதால், அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராத இணைப்பு முறிந்ததாக முடிவுசெய்யப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் ஆகலாம். அதுவரை பழுதான கணுவுக்காக மற்ற கணுக்கள் காத்திருக்க நேரும். நம்பகமான உள்வலையமைப்பில் இதனை 5 ஆகக் குறைத்தால் பழுது விரைவில் தெரியவரும். தொலைதூரத் தரவு மையங்களை இணைக்கும், பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பு மிகுந்த பாதையில் இவ்வளவு குறைப்பது ஆரோக்கியமான இணைப்புகளையும் துண்டித்துவிடும் என்பதால், அங்கே அளந்து பார்த்த பின்னரே மாற்ற வேண்டும்.