பத்து நாள் அறைவாசம்: எதை எண்ணணும், எதை எண்ணாமல் விடணும்

கொரோனா வந்து வீட்டில் தனி அறையில் இருக்கப் போகிறவருக்கு, முதலில் ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் அறைக்குள் போகட்டும். மருந்து, ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி) எல்லாம் அதற்கு அப்புறம். தனியாகக் கிடப்பவரைப் பயம் பிடிப்பது பெரும்பாலும் ராத்திரி 2 மணிக்கு. அந்த நேரத்தில் யாராலும் நிதானமாக ஒரு முடிவும் எடுக்க முடியாது. எந்த எண் வந்தால் யாரைக் கூப்பிடணும், எந்த வண்டியில் எங்கே போகணும் என்பதையெல்லாம் பகலில், தலை தெளிவாக இருக்கும்போதே முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், ராத்திரி அதைப் படித்துச் செய்தால் போதும். கீழே வரும் அளவுகள் கொரோனாவுக்கு உரியவை. நாளைக்கு வேறொரு தொற்று வந்தால் எண்கள் மாறும், நோட்டு மாறாது.

நாள் கணக்கு

தொண்டை கரகரத்த அன்றைக்கு, அல்லது உடம்பு அலுப்பாகத் தெரிந்த அன்றைக்கு "நாள் 1" என்று எழுதுங்கள். டெஸ்ட் கொடுத்த நாளையோ ரிசல்ட் வந்த நாளையோ வைத்து எண்ணக் கூடாது. காரணம், நுரையீரல் கோளாறு வருகிறவர்களில் பலருக்கு அது 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில்தான் தலைகாட்டும். 3ஆம் நாள் காய்ச்சல் இறங்கியதும் "மாறிப் போச்சு" என்று நோட்டை மூடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தப்பு.

ரிசல்ட் வரும்வரை பாசிட்டிவ் என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். ஆர்டி-பிசிஆர் டெஸ்டைச் சீக்கிரமே எடுத்தாலும், மூக்கில் குச்சி சரியாகப் படாவிட்டாலும் நெகட்டிவ் வரும். ஆன்டிஜென் டெஸ்டில் நெகட்டிவ் வந்து காய்ச்சலும் இருமலும் இருந்தால் ஆர்டி-பிசிஆர் எடுத்துத்தான் ஆகணும். ரிப்போர்ட்டில் இருக்கும் சிடி எண்ணை (டெஸ்டில் எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்பது) வைத்து "எனக்கு ரொம்ப முத்திப் போச்சா" என்று கணக்குப் போட வேண்டாம். நோயின் கடுமையை அந்த எண் சொல்லாது. 2020, 2021இல் வீட்டுத் தனிமை 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் அது 7 நாளானது. இந்த மாதிரி மாற்றங்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

ஆக்சிமீட்டரைப் பிடிக்கும் முறை

படியேறி வந்த கையோடு விரலை நுழைத்தால் எண் தப்பாகத்தான் வரும். 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இருக்கிற விரல் வேண்டாம். கை சில்லென்று இருந்தால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்குங்கள். நடுவிரலை முட்டும்வரை உள்ளே விட்டு, கையை நெஞ்சின் மேல் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 88, 91, 97 என்று எண் தாவும். அதைப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டாம், கருவி இன்னும் நாடியைப் பிடிக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, 5 விநாடி மாறாமல் நிற்கிற எண்ணில் எது அதிகமோ அதை எழுதுங்கள். பக்கத்தில் ஓடும் அலைக்கோடு ஒரே சீராக இல்லையென்றால் அந்த எண்ணை நம்பக் கூடாது.

கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. கறுத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதனால் ஒரு தடவை வந்த எண்ணை விட, இறங்குமுகமா என்பதுதான் முக்கியம். காலையில் 98, மத்தியானம் 96, ராத்திரி 95 என்று போனால், 94 வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு நாளைக்கு நாலு தடவை: காலை 6, மத்தியானம் 12, சாயங்காலம் 6, படுக்கும் முன். ஒரு வரி இப்படி இருக்கும்: "நாள் 6, காலை 6 மணி, ஆக்சிஜன் 96, நாடி 84, காய்ச்சல் 99.4, மூச்சு 18." மூச்சை இன்னொருவர் எண்ணணும். நோயாளிக்குத் தெரியாமல், கதவோரம் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே ஆள் மூச்சை மாற்றிவிடுவார். மற்ற நேரத்தில் ஆக்சிமீட்டர் மேசை டிராயருக்குள் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விரலை நுழைத்துப் பார்ப்பதால் நுரையீரலுக்கு ஒரு பலனும் இல்லை, பயம்தான் கூடும்.

எப்போது கிளம்புவது

உட்கார்ந்திருக்கும்போது 94க்குக் கீழே, அல்லது மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தொட்டால் அந்த மணி நேரத்திலேயே டாக்டர். 90க்குக் கீழே, உதடு நீலம், நெஞ்சுவலி, பேச்சு குழறல், எழுப்பினால் எழும்பாத தூக்கம், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமை, இதில் ஏதாவது ஒன்று வந்தால் 108. சிலருக்கு ஆக்சிஜன் 86க்கு வந்த பிறகும் திணறல் தெரியாது. சிரித்துப் பேசிக்கொண்டு இருப்பார்கள். "நல்லாத்தானே இருக்காரு" என்பது எண்ணுக்குப் பதில் ஆகாது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதில் தூரத்தையும் சேர்க்கணும். நாகர்கோவிலில் இருப்பவருக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம். தூத்தூர், வள்ளவிளை கடற்கரையில் இருப்பவருக்கும், பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்பில் இருப்பவருக்கும் அப்படி இல்லை. அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் முன்னாலேயே, 95 தொடர்ந்து வரும்போதே, பகலோடு கிளம்புவதற்குத் திட்டம் போடணும். மழைக்காலம் என்றால் இன்னும் முன்னால். 2021 மே கடைசியில் யாஸ் புயல் நேரத்து மழையில் மாவட்டத்தில் தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர் நின்றது. பொதுமுடக்கமும் வெள்ளமும் ஒன்றாக வரும் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை: 108, 104 (அரசு மருத்துவ ஆலோசனை எண்), ஆரம்ப சுகாதார நிலைய எண், பக்கத்து அரசு ஆஸ்பத்திரி (தக்கலையோ குழித்துறையோ குளச்சலோ), ராத்திரி வண்டி எடுக்கச் சம்மதித்த ஒருவர் பெயர். சம்மதம் முன்கூட்டியே வாங்கியதாக இருக்கணும். பையில் ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, தினமும் போடும் மாத்திரையின் அட்டைகள் (பெயரைச் சொல்லித் தடுமாறுவதை விட அட்டையையே காட்டலாம்), மூக்குக் கண்ணாடி, நீள வயர் உள்ள சார்ஜர், இரண்டு கைலி, பிளாஸ்க். கண்ணாடியை மறந்து போகிறவர்கள் அதிகம். ஆஸ்பத்திரியில் போன் இருந்தும் வீட்டு எண்ணைப் படிக்க முடியாது.

திருவனந்தபுரத்தில் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ ஸ்ரீசித்திரா இதய, நரம்பு ஆஸ்பத்திரியிலோ தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் வழி அடைபடும் முன்பே அங்குள்ள டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "களியக்காவிளை தாண்ட முடியாமல் போனால் இதே மருந்தை நாகர்கோவிலில் யாரிடம் தொடரலாம்?" 2020இல் இ-பாஸ் இல்லாமல் அங்கே கேரள எல்லை தாண்ட முடியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, அடுத்த தேதி எழுதிய சீட்டு இரண்டையும் போட்டோ எடுத்து இரண்டு பேருடைய போனில் வையுங்கள்.

அறையும் காற்றும்

பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும், ராத்திரி கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். பகலில்தான் வீட்டில் நடமாட்டம் அதிகம் என்பதால், கடற்கரை வீடுகளில் நோயாளியைக் கடல் பக்கத்து அறையில் படுக்க வைத்தால் அவர் மூச்சு முழுக்க வீட்டுக்குள் வரும். நிலத்துப் பக்கம் ஜன்னல் உள்ள அறை நல்லது. ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவைச் சாத்தி, கீழே உள்ள இடுக்கில் ஹால் பக்கம் நின்று பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. ஹாலுக்குத் திரும்பி வந்தால் ஃபேனை மாற்றி வைக்கணும், இல்லையென்றால் ஹால் ஜன்னலைத் திறக்கணும். ராத்திரி காற்று திரும்பிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு அறை வீட்டில் தனி அறை என்பது பேச்சளவில்தான். அங்கே நோயாளிக்கு வராண்டா, மற்றவர்களுக்கு உள் அறை என்று பிரிப்பது மேல். ஒரே கக்கூஸ் என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும்; போய் வந்தபின் ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். கழுவ 1 சதவீதக் கரைசல் போதும்: 1 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர், ஊற்றிப் 10 நிமிடம் கழித்துத் தேய்க்கணும். உப்புக்காற்றில் திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நல்ல நுரையீரலையே புண்ணாக்கும்.

மருந்து, சாப்பாடு

காய்ச்சலுக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4க்கு மேல் போகக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஈரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிக்கிறவர்களும் அளவைக் கேட்டுத்தான் போடணும். ஸ்டீராய்டை யார் சொன்னாலும் ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போது வீட்டில் போடாதீர்கள்: அந்த நிலையில் பலன் இல்லை, சர்க்கரை ஏறும். 2021இல் கறுப்புப் பூஞ்சை அதிகம் பிடித்தது சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வையுங்கள். கரண்ட் போனால் இன்சுலினைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்தால் போதும்.

கபசுரக் குடிநீர் குடிப்பது உங்கள் விருப்பம். ஆனால் குடித்துவிட்டோம் என்று நோட்டில் ஒரு வேளையை விடக் கூடாது. ஆவி பிடிப்பதால் வைரஸ் சாகாது. கொதிக்கிற பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்து போவதுதான் மிச்சம்.

வாய்க்குப் பிடிக்காதபோது கஞ்சியும் சிறுபயறும் தேங்காய்த் துவையலும் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை கொடுங்கள். வயிற்றாலே போனால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீர் அளவுக்கு மேல் உப்புக் கரித்தால் கீழே ஊற்றிவிடுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். கருவாடு பொரிக்கிற வாசனை மூக்குக்கு எட்டவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் அந்த மூக்கை நம்பி அடுப்படியில் காஸ் கசிவைப் பார்க்க முடியாது, வேறொருவர் பார்க்கட்டும்.

ஆக்சிஜன் 94ஐ ஒட்டி நிற்கும்போது, வண்டி வரும்வரை குப்புறப் படுப்பது உதவும். கழுத்துக்கு ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே முன்னங்காலுக்கு அடியில் இரண்டு. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வலப்பக்கம், சாய்ந்து உட்காருதல், இடப்பக்கம் என்று மாறலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகணும். கர்ப்பிணிகளுக்கும் பெரிய இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

ராத்திரிப் பயம்

பயத்தால் வரும் மூச்சுமுட்டலில் விரல் நுனி மரத்துப் போகும், வாயைச் சுற்றிக் கூசும், ஆக்சிமீட்டர் 97, 98 காட்டும், கால் மணி அரை மணியில் தணியும். ஒரே ஒரு தடவை கருவியை வைத்துப் பார்த்து எழுதுங்கள். எண் நன்றாக இருந்தால் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்து நிமிடம். எண் இறங்கியிருந்தால் முதல் பக்கம். இரண்டே வழிதான், மூன்றாவதாக யோசிக்க ஒன்றும் இல்லை. இருமலோடு காய்ச்சலும் இருக்கிறவர் எண்ணைப் பார்க்காமல் "இது வெறும் பயம்" என்று தானே முடிவு கட்டக் கூடாது.

"எப்பிடி இருக்க மக்ளே, மூச்சு வாங்குதா?" என்று பத்து பேர் பத்து தடவை கேட்டால் இல்லாத மூச்சும் வாங்கும். உடம்பு விஷயம் கேட்க ஒரு ஆள் மட்டும், சாயங்கால அளவு எழுதியபின். மற்ற சொந்தக்காரர்களிடம் அவரே சொல்லிவிடட்டும். மற்றவர்கள் கூப்பிட்டால் பலாக்காய் பறித்தீர்களா, தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ என்ன விலை என்று பேசட்டும். செய்தி ஒரு நாளைக்கு இரண்டு தடவை, 15 நிமிடம். படுக்கும் முன் கூடவே கூடாது. கொரோனா காலத்தில் செய்ததுபோல் தெருவைத் தகரம் வைத்து அடைத்தால் வரும் அவமானம் சின்னதில்லை. அக்கம்பக்கத்தாரிடம் நோயை மறைக்காமல் முதலிலேயே சொல்லி, பால் பாக்கெட்டை எங்கே வைக்கணும் என்று வேலையாகப் பேசினால் முகச்சுளிப்பு குறையும். மனசு தாங்கவில்லை என்றால் 104 அல்லது மனநல உதவி எண் 14416, எந்த நேரமும். சாகலாம் போல வந்தால் அறைக்கதவைத் திறந்து வையுங்கள், ஒருவர் வாசலில் உட்காரட்டும். தொற்றை முகக்கவசத்தால் தடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு ஏற்பாடு: ராத்திரி வாசல் விளக்கைப் போடணும், காலை 7 மணிக்கு அணைக்கணும். 8 மணிக்கும் எரிந்துகொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணணும், எடுக்காவிட்டால் கதவைத் தட்டணும். ஒரு சாவி அவரிடம் இருக்கணும்.

குடி நின்று போகும் வீடு

பொதுமுடக்கத்தில் டாஸ்மாக் பூட்டினால் தினமும் குடித்தவருக்கு முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் இல்லாததைக் கண்டு பேசுவது, ஆள் தெரியாமல் போவது. இதைத் திமிர் என்று கட்டிப் போடாதீர்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் 108. சானிடைசரையும் ஸ்பிரிட்டையும் ஒளித்து வையுங்கள். மெத்தனால் கலந்ததைக் குடித்தால் கண் போகும், உயிரும் போகும்.

அறையை விட்டு வந்த பிறகு

தனிமை முடிந்தும் ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் எழுதுங்கள். ஹாலில் 6 நிமிடம் நடந்து, நடக்கும் முன்னும் பின்னும் ஆக்சிஜன் பாருங்கள். 60 தாண்டியவர்களுக்கு 3 நிமிடம் போதும், ஆஸ்துமா உள்ளவர்கள் செய்ய வேண்டாம். 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ 94க்குக் கீழே போனாலோ டாக்டர். அலுப்பு வாரக்கணக்கில் நிற்கும். வலை இழுப்பதையும் மரம் ஏறுவதையும் பாதி நாளில் தொடங்குங்கள். நோட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது நாள் 1 முதல் அப்படியே திறந்து காட்டுங்கள்.