சின்னப் பட்டறைக்கு இலவச கேம் (CAM) மென்பொருள்: எர்ரர் 20, 22 தீர்ந்த விதம்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் நெல் ஆலைகளுக்கு சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) கொண்டு அலுமினியத் தகடு வெட்டும் பட்டறைக்கு, வரைபடத்தை இயந்திரக் கட்டளையாக்கும் கேம் மென்பொருளின் டொலர்ச் சந்தா கட்டுப்படியாகாது. ஓட்டோடெஸ்கின் ஃபியூஷன் மென்பொருளின் தனிநபர் இலவசப் பதிப்பு கூலி வேலைக்கு உரியதல்ல. அதில் வெட்டாத நகர்வுகூட ஃபீட் (வெட்டும்போது நகரும்) வேகத்தில்தான் ஊரும். அதனால் ஃப்ரீகேட் (FreeCAD) 1.0 மென்பொருளை எடுத்தோம். தொழிலுக்கும் இலவசம், நிறுவியபின் இணையமும் தேவையில்லை.

இயந்திரத்தை இயக்கும் ஜீஆர்பிஎல் (GRBL) கட்டுப்பாட்டுப் பலகையில் எர்ரர் 20 (ஏற்காத கட்டளை) வந்தால் போஸ்ட் புரொசெஸரை, அதாவது இயந்திரத்துக்கேற்ற கட்டளைக் கோப்பை எழுதும் பகுதியைப் பாருங்கள். லினக்ஸ்சிஎன்சி என்ற வேறு கட்டுப்பாட்டு மென்பொருளுக்கான போஸ்ட் எழுதும் எம்6 (டூல் மாற்றம்), ஜி43 (டூல் நீள ஈடு) இரண்டையும் ஜீஆர்பிஎல் ஏற்காது. ஃப்ரீகேட்டில் ஜொப் (Job) அமைப்பின் அவுட்புட் பகுதியில் ஜீஆர்பிஎல் போஸ்டைத் தெரிவுசெய்ததும் எங்களுக்குச் சரிவந்தது.

எர்ரர் 22 என்றால் ஃபீட் வேகம் கொடுக்கப்படவில்லை. ஃப்ரீகேட்டில் டூலின் வேகங்களைக் குறிக்கும் டூல் கொன்ட்ரோலரில் கிடை, செங்குத்து ஃபீட் பூச்சியமாகவே கிடக்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பல் உள்ள 6 மி.மீ. கார்பைட் எண்ட்மில் (சுழன்று வெட்டும் டூல்), 10,000 ஆர்பிஎம், பல்லுக்கு 0.03 மி.மீ. என்றால், 10,000 × 2 × 0.03 = நிமிடத்துக்கு 600 மி.மீ. செங்குத்துக்கு 200 போதும். ஆழம் தடவைக்கு 0.5 மி.மீ.; கூட்டினால் இலகுவான ஃபிரேம் அதிரும். சீவலைக் காற்றடித்து வெளியேற்றுங்கள், தங்கினால் அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும்.