பழைய காரில் வந்து வந்து போகும் கரண்ட் கோளாறா? எர்த்திலிருந்து தேடுங்கள்

பிரேக்கை மிதித்தால் பின்பக்க இன்டிகேட்டர் மங்கலாக எரியும். மழை பெய்த மறுநாள் செல்ஃப் எடுக்காது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். இருபது வயதைத் தாண்டிய என் காரில் இதெல்லாம் இருந்தது. பேட்டரியை மாற்று, ஆல்டர்னேட்டரை மாற்று என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் மாற்றியது ஒரே ஒரு எர்த் வயர், அதாவது பேட்டரியின் நெகட்டிவ்வை பாடியோடும் என்ஜினோடும் இணைக்கும் வயர்.

முதலில் ஒரு நோட்டில் கோளாறு எப்போது வருகிறது என்று எழுதுங்கள். சூடேறிய பிறகா, பள்ளத்தில் இறங்கும்போதா, ஈரத்திலா? சூட்டில் வந்தால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மீது சந்தேகம். குலுக்கலில் வந்தால் லூஸ் கான்டாக்ட். ஈரத்தில் வந்தால் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கும்.

அடுத்து பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்; என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

இனிதான் முக்கியமான கட்டம். பெரும்பாலானவர்கள் எர்த் வயரை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்து, பூஜ்யம் காட்டியதும் 'வயர் நல்லா இருக்கு' என்று நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பூஜ்யத்தை நம்பாதீர்கள். ஓம் பார்க்கும்போது மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். செல்ஃப் சுற்றும்போது கதையே வேறு: 100 ஆம்பியர் போகும் இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போகும். சாதாரண மீட்டரில் 0.01 ஓம் தெரியவே தெரியாது.

அதனால் லோடு கொடுத்து, அதாவது வயரில் நிஜமாகவே மின்சாரம் ஓடும்போது, வோல்ட்டை அளக்க வேண்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவையுங்கள்; செல்ஃப் மட்டும் சுற்றும், நிதானமாக அளவு பார்க்கலாம். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தில் (கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் கோளாறு தெரியாது). சிவப்பு முனை என்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத உலோகத்தில். வீட்டில் யாரையாவது சில வினாடி மட்டும் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம் கோளாறு, சந்தேகமே வேண்டாம். அப்புறம் சிவப்பு முனையைக் கிளாம்ப், வயர் நுனி, போல்ட் என்று ஒவ்வொன்றாக நகர்த்தினால், எங்கே அளவு குதிக்கிறதோ அங்கேதான் வியாதி.

பின்விளக்குக்கும் இதே முறைதான். விளக்கைப் போட்டுவிட்டு அதன் எர்த் வயரில் சிவப்பு முனையை வையுங்கள், 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. எர்த் அறுந்துபோன விளக்கின் மின்சாரம், திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பு வழியாகப் போகப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டர் மினுங்குவது அதனால்தான்.

சரி செய்வது எளிது. போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். வாசலின் தடவுவது இறுக்கிய பிறகு, மேலே மட்டும்.

எர்த் சுத்தமாக இருந்தும் கோளாறு வந்தால் ரிலேயைப் பாருங்கள். அதே மாதிரியான ஹாரன் ரிலேயோடு இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் போதும், காசு செலவில்லை. அப்புறம் வயரிங்கைச் சாண் சாணாகக் கையால் அசைத்துக்கொண்டே, அதில் மாட்டிய டெஸ்ட் லாம்ப்பை (மின்சாரம் வந்தால் எரியும் சோதனை விளக்கு) கவனியுங்கள். எல்இடி டெஸ்டர் வேண்டாம். அறுந்தும் அறாத வயரிலும் அது பல்லிளித்துக்கொண்டு எரியும். பழைய பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்தான் என் கட்சி, கொஞ்சமாவது லோடு இழுக்கும். ஆனால் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயரிலும் என்ஜின் கம்ப்யூட்டர் வயரிலும் அதை வைக்கவே கூடாது.

எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பின்னால் அலாரம், ஆடியோ மாட்டியவர்கள் போட்ட டேப் ஜாயின்ட்டுகளையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: படித்த சிலர், எல்லா எர்த்தையும் தேய்த்த பிறகும் ஒரு கதவின் பவர் விண்டோ மட்டும் வேலை செய்வதும் நிற்பதுமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை உருவிவிட்டு, உள்ளே ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் முழுசாக இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருந்தால் அந்த இடம் மட்டும் நீளும். புது வயர் சேர்க்கும்போது சால்டரிங் ஜாயின்ட்டை மடங்கும் இடத்தில் வைக்காமல் கதவுக்குள்ளோ தூணுக்குள்ளோ தள்ளி வையுங்கள். மடங்கும் இடத்தில் வைத்தால் ஈயம் விறைத்து, ஜாயின்ட்டின் ஓரத்திலேயே மறுபடி அறும்.